மூடிக் கிடக்கிற ரைஸ்மில் சுவத்துல படம் போடணும்: செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க

மில்லுத்தெருக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில ஓவியம் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. சொந்த ஊர் மன்னார்குடி. இங்க கேலரின்னு ஒண்ணு கிடையாது. போன வருஷம் சென்னையில ஒரு குழுக் கண்காட்சியில என்னோட ரெண்டு கேன்வாஸ் மூணு நாள் தொங்குச்சு. அம்மா பஸ் ஏறி வந்து பார்த்துட்டு, "ஏசி நல்லா இருக்குடி"ன்னாங்க. படத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பிடிக்கலன்னு இல்ல, அந்த இடத்துல வாயைத் திறக்கவே அவங்களுக்குக் கூச்சமா இருந்துச்சு. இதே அம்மா டீக்கடை போர்டுல எழுத்து கோணலா இருந்தா ரோட்டுல நின்னு சத்தமா சொல்லுவாங்க.

அதான் இனிமே ரோட்டுலயே வரைவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

எங்க தெருவுல பதினஞ்சு வருஷமா மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ்மில்லு. அதோட காம்பவுண்டு சுவர் 60 அடி நீளம், 7 அடி உயரம், மேற்குப் பார்த்தது. சுவத்தை ஒட்டி ஒரு இஸ்திரி வண்டி. எதிர்ல டீக்கடை, பஸ் நிக்கிற இடம். வடக்கு மூலை மட்டும் ஆம்பளைங்க ஒதுங்குற இடமாப் போச்சு. அதைத் தடுக்க யாரோ மூணு மதத்து சாமி டைல்ஸும் பதிச்சு வச்சிருக்காங்க. டைல்ஸுக்கு ரெண்டடி தள்ளி நின்னு போறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

மில் ஓனர் இப்ப திருச்சியில. போன் பண்ணிக் கேட்டேன். "என்ன வேணாலும் போட்டுக்க, கட்சி மட்டும் எழுதிடாத"ன்னுட்டாரு.

நான் யோசிச்சு வச்சிருக்கிறது: 60 அடிக்கும் ஒரே மயில். தோகைக்குள்ள ராஜகோபாலசாமி கோயில் கோபுரம், ஹரித்ராநதி தெப்பக்குளம் எல்லாம் வரணும். கேன்வாஸ்ல எனக்கு 4 அடிக்கு மேல அனுபவம் இல்ல. என்ன பெயிண்டு, படத்தை எப்படிப் பெருசாக்குறது, போஸ்டர் ஒட்ட வர்றவங்களை எப்படிச் சமாளிக்கிறது? கையில 9,000 ரூபா இருக்கு.

சுவரெழுத்து_மதுரை:

வாம்மா. உன் கேள்விய என் மகன் படிச்சுக் காட்டுனான், நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுறான். தப்பு இருந்தா அவன் தப்பு.

நான் 1978-ல பதினாலு வயசுல பேனர் கம்பெனியில சேர்ந்தேன். மொத ரெண்டு வருஷம் பிரஷ்ஷே தொட விடல. டப்பா கழுவுறது, வச்சிரப் பசை காய்ச்சுறது, கட்டத்துக்கு நூல் பிடிக்கிறது. அப்புறம் சுவர் விளம்பரம். பல்பொடி, உரம், மோட்டார், லுங்கின்னு மதுரையில இருந்து சாத்தூர் வரைக்கும் ரோட்டோரச் சுவத்துல என் எழுத்து இருந்துச்சு. ஃப்ளெக்ஸ் வந்துச்சு, எல்லாம் முடிஞ்சுச்சு. இப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன்.

மொதல்ல சுவரு. சுவத்தைக் கேக்காம பெயிண்டு கடைக்குப் போகாத. பழைய மில்லுன்னா சுண்ணாம்பு மேல சுண்ணாம்பா பத்துப் பூச்சு இருக்கும். உள்ளங்கையால தேச்சுப் பாரு. கையில மாவு ஒட்டுனா அது மேல நீ எதைப் போட்டாலும் அப்பளமா எந்திரிச்சுக்கும். கம்பி பிரஷ்ஷும் சுரண்டியும் வச்சு உதிர்றது மொத்தத்தையும் உதிர விட்டுரணும். அப்புறம் தண்ணி அடிச்சுக் கழுவி, ரெண்டு மூணு நாள் காயவிடு. கீழ ஒன்றரை அடிக்கு ஓதம் ஏறியிருக்கும், உப்புப் பூத்திருக்கும். அந்த உயரத்துக்குப் படத்தைக் கொண்டு போகாத. அங்க வெறும் கருப்பையோ காவியையோ பட்டையா அடிச்சு விட்டுரு. வருஷா வருஷம் அதை மட்டும் புதுப்பிச்சுக்கலாம். அந்தக் காலத்து ஆளுக வீட்டுத் திண்ணையில எதுக்கு செம்மண் பட்டை அடிச்சாங்கன்னு நெனைக்கிற?

மூலையில போற இடத்துல படம் போடாத. அந்த உப்பு சுவத்துக்குள்ள இறங்கிப் போயிருக்கும், எந்தக் கம்பெனி பெயிண்டும் நிக்காது. சாமியப் போட்டு வாட்ச்மேன் வேலை பாக்க வைக்கிறது எனக்குப் பிடிக்காத காரியம். அந்த மூலையில ஒரு லைட்டு எரிஞ்சா பாதிப் பேரு வரமாட்டான்.

பெயிண்டு: வெளிச்சுவர் எமல்ஷன். வெள்ளை மட்டும் பெரிய டப்பாவா வாங்கு. கலர் டப்பா வாங்கிக் காசைக் கரைக்காத, சின்ன பாட்டில் ஸ்டெய்னரா வாங்கி வெள்ளையில கலந்துக்க. டிஸ்டம்பர் ஒரு ஐப்பசி தாங்காது. எனாமல் பளபளன்னு ஆசை காட்டும், உள்ள ஈரம் இருந்தா கொப்புளம் போட்டு உரிஞ்சுக்கும். மேற்குச் சுவருன்னு சொல்ற. மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா அடிக்கும். ரோஸு, பளிச் மஞ்சள் எல்லாம் ரெண்டு கோடையில வெளுத்துப் போகும். காவியும் மஞ்சக்காவியும் நிக்கும், அது மண்ணு; கருப்பும் நிக்கும், அது கரி. காலையில நிழல் இருக்குறப்பவே வேலைய முடி. சுட்ட சுவத்துல பிரஷ் இழுத்தா இழுத்த கோடெல்லாம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில தொடாத. தை முடியட்டும், மாசியில ஆரம்பி.

பெருசாக்குறது கஷ்டமே இல்ல. தாள்ல ஒரு இஞ்சு கட்டம், சுவத்துல ஒரு அடி கட்டம். நூல்ல காவிப்பொடி தடவி ரெண்டு பேரு ரெண்டு பக்கம் இழுத்துப் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டுனா நேர்கோடு. 40 அடி கட்அவுட்டுக்கும் இதே கணக்குதான். பக்கத்துல நின்னு வரையிறப்ப மூக்கு பூசணிக்கா மாதிரி தெரியும். பயப்படாத. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ரோட்டைத் தாண்டிப் போயி திரும்பிப் பாரு. (வண்டி பாத்துத் தாண்டு. எங்கூட இருந்த ஒருத்தன் பின்னால நடந்துக்கிட்டே பாத்து சாக்கடையில விழுந்தான்.)

இப்ப மயிலுக்கு வாரேன். கோவிக்காத. மயிலு, கோபுரம், தெப்பக்குளம்னா எங்க காலத்துல அது ஜவுளிக்கடை விளம்பரம். 2010 வாக்குல சென்னை அண்ணா சாலையில போஸ்டர் ஒட்டாம இருக்கணும்னு மாநகராட்சி சுவரெல்லாம் படம் போட வச்சுச்சு. ஃப்ளெக்ஸ் வந்து வேலை இல்லாம கெடந்த எங்க ஆளுக நெறையப் பேருக்கு அப்ப கூலி கெடச்சுது. நானும் போனேன். பரதநாட்டியம், மாமல்லபுரம், மாட்டு வண்டி. நல்லாத்தான் போட்டோம். அங்கனக்குள்ள கரும்புச்சாறு விக்கிற ஆளு ஒரு நாள் எங்கிட்ட, "எதுக்குண்ணே எல்லாச் சுவத்துலயும் காலண்டரு போடுறீக?"ன்னு கேட்டான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இன்னைக்கும் அதுக்குப் பதில் இல்ல.

பத்து நாளு அந்த டீக்கடையில உக்காரு. யாரு அந்தச் சுவத்துல சாயுறா, யாரு நிழலுக்கு ஒதுங்குறா, எத்தன மணிக்கு எந்தப் பஸ்ஸுக்கு யாரு நிக்கிறான்னு பாரு. இஸ்திரிக்காரர்கிட்ட பேசு. ஓனரு திருச்சியில இருக்காரு, உண்மையில அந்தச் சுவரு இஸ்திரிக்காரரோடது. அவரு உன்னைய ஏத்துக்கிட்டா போஸ்டர்காரன அவரே பாத்துக்குவாரு.

எழுத்துல அனுமதி வாங்கி வச்சுக்க, ரெண்டு வரி போதும். ஜனங்க கண்ணுல படுற சுவத்தக் கெடுக்கக் கூடாதுன்னு 1959-லயே தனிச் சட்டம் இருக்கு. நீ கெடுக்கல, அழகு பண்றேன்னு சொன்னாலும் சட்டத்துக்கு மொதல்ல தாளக் காட்டணும். இன்னொண்ணு, சுவத்துல எங்கயாவது கட்சிப் பேரும் வருசமும் போட்டு 'ரிசர்வ்' பண்ணியிருக்கான்னு பாரு. இருந்தா அந்தக் கட்சிக்காரரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு அழி. நான் ஒரு எலெக்சன்ல மூணு நாளு எழுதுனத ஒரே ராத்திரியில சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போயிட்டாய்ங்க. கூலியும் வரல.

60 அடியெல்லாம் வேணாம். மொதல்ல 12 அடி போடு.

நியாயஸ்தன்:

9,000 ரூபாய்க்கு மயில் வரைவதற்குப் பதில் அந்த மூலையில் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்தால் ஊருக்கு உபயோகம். மன்னிக்கவும், உண்மையைச் சொன்னேன்.

புள்ளிக்கோலம்:

மேல ஒருத்தர் சொன்ன கழிப்பறைக்கு 9,000 போதும்னா முதல்ல எங்க தெருவுக்கு ரெண்டு கட்டித் தாங்க.

எனக்குச் சுவரைப் பத்தித் தெரியாது. தரை தெரியும். நாற்பது வருஷமா வாசல்ல கோலம் போடுறேன், மயிலாப்பூர். அரிசி மாவு, எறும்புக்கு உணவுன்னு கதை பேசிக்கிறோம். முக்கால்வாசிப் பேர் போடுறது வெள்ளைக்கல் மாவு, நானும்தான். கோலத்தோட ஆயுள் பால் வண்டி வர்ற வரைக்கும். அதனால "படம் அழிஞ்சுடுமே"ங்கிற பயம் எனக்குப் புரியவே இல்லை.

ஜனவரியில வடக்கு மாட வீதியில கோலப்போட்டி நடக்கும். தார் ரோட்டுல ஆளுக்கொரு கட்டம் பிரிச்சுக் கொடுப்பாங்க. முதல் தடவை 15 புள்ளி சிக்குக் கோலம் எடுத்துக்கிட்டுப் போனேன். வீட்டு வாசல்ல கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். அங்க சுத்தி அம்பது பேர் நின்னதும் கை நடுங்கி ஒரு வரிசையில ஒரு புள்ளியை விட்டுட்டேன். சிக்குக் கோலத்துல ஒரு புள்ளி போனா கம்பி எங்கயோ போய் மாட்டிக்கும். பின்னால பூக்கூடையோட நின்ன ஒரு அம்மா, "அந்த நாலாவது வரிசைல எண்ணும்மா"ன்னாங்க. எண்ணினேன், திருத்தினேன். பரிசு வரல. ஆனா பாதியில நிறுத்தித் தப்பு சொல்ற ஆள் கண்காட்சியில கிடைப்பாங்களா? உங்க அம்மா ஏசியைப் பத்திப் பேசினதைப் படிச்சப்போ அந்தப் பூக்கார அம்மா ஞாபகம் வந்தது. வரையும்போதே ஆளுங்களைப் பேச விடுங்க. முடிச்சு மூடி வச்சுட்டுத் திறப்பு விழா வைக்காதீங்க.

அனுமதி விஷயம் வேடிக்கையானது. ரோடு எங்களோடது இல்லை. ஆனா தினமும் காலைல அஞ்சு மணிக்கு ஊர்ல இருக்கிற எல்லாப் பொம்பளைங்களும் ரோட்டுல வரையிறாங்க, யாரும் தாள் கேட்டதில்லை. 2019 டிசம்பர் 29, பெசன்ட் நகர்ல சில பேர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரா எழுதிக் கோலம் போட்டாங்க. போலீஸ் வந்து அழைச்சுக்கிட்டுப் போனாங்க. அடுத்த நாள் தி.மு.க. தலைவர்கள் வீட்டு வாசல்ல எல்லாம் அதே எழுத்தோட கோலம். அதே மாவு, அதே ரோடு, நாலு எழுத்து சேர்ந்ததும் அது வேற ஆயிடுச்சு. மதுரைக்காரர் சொன்ன தாளை வாங்கி வச்சுக்கோங்க.

துரைப்பாக்கத்தான்:

எங்க சித்தி வீடு சென்னை கண்ணகி நகர்ல. நகருக்குள்ள இருந்த குடிசைப் பகுதிகள்ல இருந்து ஜனங்களைக் கொண்டுவந்து குடிவச்ச இடம், 20,000 வீட்டுக்கு மேல இருக்கு. 2020 ஆரம்பத்துல அந்த பிளாக்குகளோட பக்கச் சுவர்ல பெரிய பெரிய ஓவியம் வந்தது. நாலு மாடி உயரத்துக்குக் குழந்தைங்க முகம். அதுக்கு முன்னாடி கண்ணகி நகர்னு அட்ரஸ் சொன்னாலே வேலை குடுக்க யோசிப்பாங்க, ஆட்டோ வராது. இப்ப கேமராவைத் தூக்கிக்கிட்டு ஜனங்க வர்றாங்க. சித்தியும் வழி சொல்றதுக்கு பிளாக் நம்பர் சொல்றதில்ல, படத்தைச் சொல்றாங்க.

அவங்ககிட்ட ஒரு தடவை உனக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. நான் பார்க்கிறது எதிர் பிளாக் படத்தை. என் பிளாக்குல இருக்கிறதைப் பார்க்க நான் எதிர் பிளாக்குக்கு இல்ல போகணும்?"னாங்க. சிரிச்சிட்டேன். ஆனா யோசிச்சா சுவர்ப் படம்னாலே அப்படித்தான். நம்ம வீட்டுச் சுவர்ல இருக்கிறது நமக்கு இல்ல. அதே மூச்சுல, மாடிப்படி லைட்டு எரியலங்கிறதையும் சொன்னாங்க. ரெண்டும் சேர்ந்ததுதான் அந்த இடம்.

இந்திரா நகர் ரயில் நிலையத்துல 2021-ல வந்த படத்தையும் முடிஞ்சா பாருங்க. சென்னையில பெரிய சுவர்ப் படங்கள் போடுற ஏ-கில்ங்கிற ஓவியர் வரைஞ்சதுல அதுவும் ஒண்ணு. வரிசையா முகங்கள். சிலர் எச்ஐவியோட வாழ்றவங்க, சிலர் இல்ல. யாரு எவர்னு நிலையத்தைத் தாண்டிப் போறவங்களுக்குத் தெரியாது, தெரியக்கூடாது. கேலரியில மாட்டியிருந்தா பக்கத்துல சின்னதா ஒரு அட்டையில விளக்கம் எழுதியிருப்பாங்க, விஷயமே கெட்டிருக்கும்.

பெருசாக்குறதுக்கு இன்னொரு வழி: சுவர் முழுக்கக் கிறுக்குங்க. எழுத்து, சுழி, நம்பர், என்ன வேணாலும். போட்டோ எடுத்து போன்ல அது மேல உங்க படத்தை மங்கலா வச்சுப் பாருங்க. "கண்ணு இந்த 7 மேல வருது, காது அந்தச் சுழி பக்கத்துல"ன்னு பார்த்துப் பார்த்துக் கோடு போடலாம். நூலும் வேணாம், பிடிக்க ஆளும் வேணாம்.

சுவரெழுத்து_மதுரை:

கிறுக்குற வித்தை நல்லாருக்கு தம்பி. என் மகன் போன்ல செஞ்சு காட்டுனான். ஆனா நூல் பிடிக்க ஒரு ஆளு வேணும்ங்கிறதுதான் அதுல நல்லதே. தெருவுல போற ஒரு பயலக் கூப்பிட்டு நூலக் குடுத்தா, அதுக்கப்புறம் அது அவன் போட்ட படமும்தான்.

மில்லுத்தெருக்காரி:

ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு. எல்லாரும் மறந்திருப்பீங்க. வந்து சொல்லாம இருந்தா நல்லா இருக்காதுன்னு வர்றேன்.

டீக்கடையில பத்து நாள் உக்காந்தேன். அப்பாவுக்கு முதல் நாலு நாள் மானம் போச்சு. அஞ்சாவது நாள் அவரும் வந்து உக்காந்துட்டாரு. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிக்கிறவங்கள்ல ரெண்டு அக்கா அந்த மில்லுலயே வேலை பார்த்தவங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. அவிச்ச நெல்லைக் களத்துல பரப்பி, காலால துழாவி விட்டுக் காயவைக்கிற வேலை. நான் பொறந்த தெரு, மில்லுக்குள்ள களம் இருந்ததே எனக்குத் தெரியாது.

மயில் போச்சு. களத்தைப் போட்டேன், 14 அடி. நடுவுல ரெண்டு பொம்பளைங்க, கால்ல இருந்து பின்னால நீளமா வரிவரியா நெல்லு. காவி, மஞ்சக்காவி, கருப்பு, வெள்ளை. வேற கலர் வாங்கல. செலவு 5,200. கீழ ஒன்றரை அடி வெறும் கருப்புப் பட்டை. நூல் பிடிச்சது இஸ்திரி அண்ணனோட பையன், எட்டாவது படிக்கிறான். 'ரைட்டா அக்கா'ன்னு கேட்டுக்கிட்டே வேணும்னே தாமசமா சுண்டுவான்.

மூணாவது நாள் அந்த ரெண்டு அக்காவும் பஸ்ஸுக்கு வந்தவங்க நின்னு பார்த்தாங்க. ஒருத்தங்க, "இப்படிக் காலை வச்சா நெல்லு திரும்பாதுடி, பாதத்தைத் தூக்கக் கூடாது"ன்னாங்க. புரியலன்னேன். பையைக் கீழ வச்சுட்டு, புடவையைக் கொசுவத்துல செருகி, தார் ரோட்டுலயே நடந்து காமிச்சாங்க. பாதம் தரையை விட்டு எழும்பவே இல்ல, குதிகால் மட்டும் லேசா உள் பக்கம் திரும்புது. பஸ் வந்துடுச்சு, டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு, இவங்க நிறுத்தல. ரெண்டு காலையும் வெள்ளையடிச்சுட்டு மறுபடி போட்டேன். அடுத்த நாள் பார்த்துட்டு, "இப்பத் தேவலாம்"னு சொன்னாங்க. கல்லூரியில நாலு வருஷம் உடற்கூறு வரைஞ்சிருக்கேன்.

அம்மா சொன்னது: "வலது பக்கத்துல இருக்கிறவளுக்கு இடுப்பு பெருசு." ரோட்டுல நின்னு, சத்தமா.

நியாயஸ்தன் அண்ணனுக்கு: கழிப்பறை கேட்டுத் தெருவுல 40 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். நடக்கல. ஆனா டீக்கடைக்காரர் தன் செலவுல மூலையில ஒரு பல்பு மாட்டிவிட்டாரு. குறைஞ்சிருக்கு, நிக்கல.

போஸ்டர்: மிச்சம் 46 அடியில வாரா வாரம் கண்ணீர் அஞ்சலியும் காதுகுத்தும் மாறிக்கிட்டே இருக்கு. படத்து மேல ஒண்ணுகூட இல்ல. மழையும் தாங்கிடுச்சு.

பிரச்சினை வேற மாதிரி வந்துச்சு. போன வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்து பார்க்கிறேன், படத்துல மேல வெறும் வெள்ளையா விட்டிருந்தேனே வானம், அதுல ரெண்டு பெரிய ஆணி. நடுவுல கயிறு. இஸ்திரி அண்ணன் அதுல தேய்ச்ச சட்டையை வரிசையா மாட்டி வச்சிருக்காரு. களத்துல ரெண்டு பொம்பளைங்க, தலைக்கு மேல எட்டு சட்டை. எனக்கு முதல்ல அழுகை வந்துச்சு. அவரு ரொம்ப சாதாரணமா, "வெள்ளையாத்தானம்மா இருந்துச்சு, அதுல ஒண்ணும் போடலியே நீ"ன்னாரு. பிடுங்கச் சொல்ல வாய் வரல. இப்ப தினமும் பார்த்துப் பார்த்து சட்டை இல்லாத ஞாயித்துக்கிழமை தான் படம் ஏதோ குறையா இருக்கு.

மதுரை ஐயா, ஆணி அடிச்ச ஓட்டை வழியா தண்ணி இறங்கி கீழ இருக்கிற படத்தை ஊத வைக்குமா?

சுவரெழுத்து_மதுரை:

ஊத வைக்கும். ஆனாலும் ஆணிய வெறுமனே புடுங்கிப் போட்டுராத, புடுங்குனா இன்னும் பெரிய ஓட்டை. இப்போதைக்கு ஆணியச் சுத்தி எம்-சீல் வச்சு நல்லா அமுக்கி, காஞ்சதும் உப்புத்தாள் போட்டு, வெள்ளையத் தொட்டு விட்டுரு. இரும்பு ஆணியா இருந்தா துரு வழிஞ்சு அக்கா மூஞ்சியில இறங்கும். ஒரு மழைக்குள்ள அதைக் கழட்டிட்டு துருப்பிடிக்காத கொக்கி ரெண்டு வாங்கி, ராவல் பிளக் போட்டு நீயே மாட்டிக் குடுத்துரு. எந்த உயரத்துல வேணும்னு அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.

சட்டை மாட்டுனபடிக்கே ஒரு போட்டோ போடு தாயி.